இடப்பக்கம் இழுத்த செஸ்னா: கிளிநொச்சியில் ஒரு நிகழ்வு ஆய்வு

போன வருடம் ஆடி மாதம், சோளகக் காற்று கடையின் தகரக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், ஒரு பெடியன் ஷொப்பிங் பையில் ஜொய்ஸ்டிக் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தான். கிளிநொச்சியில் நான் கொம்பியூட்டர் திருத்துகிறேன். பிரிண்டர் வரும், சார்ஜர் வரும், தண்ணீர் ஊற்றின லப்டொப் வரும். ஜொய்ஸ்டிக் வருவது அபூர்வம். நானும் பல வருடமாக வீட்டில் சிமுலேட்டர், அதாவது கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் மென்பொருள், ஓட்டுகிறவன் என்பதால் உடனேயே கதை தொடங்கிவிட்டது.

“அண்ணை, பிழை இதிலயோ பிளேனிலயோ தெரியேல்ல. காசு குடுத்து வாங்கின பிளேன். ஓடத் தொடங்கினவுடன இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புல்லுக்குள்ள விடுது.”

ஏ.எல் கணிதப் பிரிவில் சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. இரத்மலானையில் விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்பது ஆசை. ஜொய்ஸ்டிக் கனடாவில் இருக்கும் மாமா அனுப்பியது. சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172 என்ற சின்ன ஒற்றை எஞ்சின் விமானத்தை எட்டு மாதம் ஓட்டியிருக்கிறான். பலாலி விமான நிலையத்தில் வடிவாக இறக்குவான். அதன் பிறகுதான் அதே செஸ்னாவின் 172எஸ் வகையை, நிஜ விமானம் போலவே நடக்கும் என்ற விளம்பரத்தை நம்பி, அட்-ஒன் ஆக, அதாவது சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமானமாக, வாங்கியிருக்கிறான். மாமாவின் கார்ட்டில்தான் வாங்கினான்; அதுதான் அவனுக்கு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

இந்த ஒரு முறைப்பாட்டை நான் மூன்று கிழமை துருவினேன். அட்-ஒன் விமானம் வாங்கும் எங்கள் ஆட்களில் நிறையப் பேர் இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு “நிஜம் மாதிரி இல்லை” என்று சொல்லி அழித்துவிடுகிறார்கள். எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? நாங்கள் பழகிய இன்னொரு சிமுலேட்டர் விமானத்தை வைத்துத்தான். அந்தப் பழக்கம் எவ்வளவு பிழையாக வழிகாட்டும் என்பதை இந்த நிகழ்வில் கண்ணால் கண்டேன். அதனால் ஒவ்வொரு படியையும் எழுதி வைக்கிறேன்.

முறைப்பாடு

அவன் சொன்னவை மூன்று. ஒன்று, ஓடுபாதையில் இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டு, பறக்கும்போது மூக்கு ஒரு இடத்தில் நிற்காமல் மேலும் கீழும் துடிக்கிறது. மூன்று, இறக்கும்போது தரைக்குக் கிட்ட வந்ததும் இறங்காமல் மிதந்துகொண்டே போய், கடைசியில் தொப்பென்று விழுகிறது. பழைய செஸ்னாவில் இவை ஒன்றும் இல்லை. அவனுடைய தீர்ப்பு: அட்-ஒன் விமானம் பிழை.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டுக்குப் போனேன். கரடிப்போக்குச் சந்தியில் இருந்து கொஞ்சம் உள்ளே, கிரவல் தெரு. கொம்பியூட்டர் மேசை யன்னலோடு இருந்தது. யன்னல் விளிம்பில் செம்புழுதி விரல் பதியும் அளவுக்குப் படிந்திருந்தது. அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒரே நாளில் மாறிய இரண்டு விஷயங்கள்

கடையில் யாராவது “நேற்றுவரை நல்லா ஓடினது” என்று சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று என்ன மாற்றினீர்கள் என்பதுதான். இவனிடமும் அதையே கேட்டேன். அட்-ஒன் விமானத்தோடு வந்த குறிப்பில், சிமுலேட்டரின் உதவிகளை எல்லாம் நிறுத்தி நிஜ முறைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். அவனும் மாற்றியிருக்கிறான். அதாவது, அதுவரை ரடரை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் சுக்கானை, தானாகப் பிடித்துக்கொண்டிருந்த உதவி அந்த நாளில்தான் நின்றிருக்கிறது. விமானமும் அதே நாளில் மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றாக மாறினால் பழி புதிதாக வந்தவர் மேல்தான் விழும்.

சரி, பழைய செஸ்னாவை எடுத்து, அதே நிஜ முறையில், காற்றே இல்லாமல் ஓட விட்டோம். எஞ்சின் வலுவைக் கூட்டும் த்ரொட்டிலை முழுக்கத் தள்ளியதும் அதுவும் இடப்பக்கம் போனது. அட்-ஒன் அளவுக்கு இல்லை, ஆனால் போனது. பெடியன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இவ்வளவு நாளும் இது இழுத்துக்கொண்டுதான் இருந்ததா?” என்றான். இவ்வளவு நாளும் இழுத்தது. வேறு ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து அவன் வழமையாக ஓட்டும் நிலைமையையே போட்டோம்: பலாலி, அன்றைய நேரடி வானிலை. பலாலி ஓடுபாதை 05/23, வடகிழக்குக்கும் தென்மேற்குக்குமாகக் கிடக்கிறது. வாடை வீசும் மாதங்களில் 05 பக்கமாகவும் சோளக காலத்தில் 23 பக்கமாகவும் ஓடினால் காற்று பெரும்பாலும் முகத்துக்கு வரும். அன்றைக்குக் காற்று 200 பாகையில் இருந்து 18 நொட்ஸ், அதாவது மணிக்கு 18 கடல் மைல். 23 பக்கமாக ஓடினால் ஓடுபாதை 230 பாகை. வித்தியாசம் 30 பாகை. சைன் 30 என்றால் அரைவாசி. ஆக, இடப்பக்கத்தில் இருந்து 9 நொட்ஸ் குறுக்குக் காற்று. 172எஸ் கையேட்டில் செய்து காட்டிய குறுக்குக் காற்றாக 15 நொட்ஸ் போட்டிருக்கிறார்கள், எனவே 9 ஆபத்தான அளவு இல்லை. ஆனால் வால் சுக்கானில் காற்று பிடித்தால் விமானம் காற்றாடி போல மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பும். இங்கே அது இடப்பக்கம். ஏற்கெனவே இடப்பக்கம் இழுக்கிற விமானத்துக்கு சோளகமும் சேர்ந்து கை கொடுத்திருக்கிறது.

வலது கால்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஒற்றை எஞ்சின் விமானம் ஏன் இடப்பக்கம் இழுக்கிறது என்பது விளங்காமல் எந்த அட்-ஒன் விமானத்தையும் மதிப்பிட முடியாது.

செஸ்னாவின் விசிறி, ஓட்டுநர் இருக்கையில் இருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினை ஸ்டார்ட் பண்ணும்போது அது ஒரு பக்கம் துள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே தண்டு ஒரு பக்கம் சுற்ற, உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். விமானமும் அப்படியே இடப்பக்கம் சரியப் பார்க்கும். தரையில் நிற்கும்போது சரிய முடியாததால் இடது சில்லு கூடுதலாக அழுந்தி, உராய்வு கூடும். அதோடு, விசிறி தள்ளும் காற்று நேராகப் பின்னால் போவதில்லை. உடம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போய், நிமிர்ந்து நிற்கும் வால் சிறகின் இடப்பக்கத்தில் அடிக்கும். வால் வலப்பக்கம் தள்ளுப்பட மூக்கு இடப்பக்கம் வரும். மூன்றாவது, மூக்கை உயர்த்தி ஏறும்போது. அப்போது வலப்பக்கம் கீழே இறங்கும் விசிறி இதழ் காற்றை இடப்பக்க இதழைவிடப் பெரிய கோணத்தில் வெட்டுகிறது, கூடுதலாக இழுக்கிறது. அதுவும் மூக்கை இடப்பக்கமே திருப்பும். வலு கூட, வேகம் குறைய, மூக்கு உயர, இழுப்பு கூடும். விமானம் கிளம்பும் நேரத்தில் இந்த மூன்றும் ஒன்றாக நிற்கும்.

2019 இல் இரத்மலானையில் காசு கட்டி ஒரு மணித்தியாலம் நான் பறந்திருக்கிறேன். பக்கத்தில் பயிற்றுநர். சிமுலேட்டரில் எத்தனையோ நூறு தரம் கிளம்பியவன் என்ற நினைப்போடு த்ரொட்டிலைத் தள்ளினேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: வலது கால், வலது கால், இன்னும் வலது கால். என் கால் பெடலில் கிடந்தது, அழுத்தவில்லை. கால் என்ற ஒன்றை நான் அதுவரை பயன்படுத்தியதே இல்லை. ஏறும்போதும் கிட்டத்தட்ட முழு நேரமும் வலது பெடலில் ஒரு பாரம் வைத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பாரம் இன்றைக்கும் என் கெண்டைக்காலுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் முதல் முறைப்பாட்டில் என் முடிவு தெளிவு: அட்-ஒன் சரி. பழைய செஸ்னாவில் இழுப்பு குறைவாக இருந்ததுதான் நிஜத்தில் இருந்து விலகியது.

ஜொய்ஸ்டிக்கின் வயிற்றுக்குள்

ஆனாலும் அவன் ரடரைப் பிடிக்கத் தெரியாமல்தான் புல்லுக்குள் விட்டான் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. அவனுடைய ஜொய்ஸ்டிக்கில் தண்டை முறுக்கினால் ரடர். விண்டோஸின் கேம் கொன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பார்க்கச் சொன்னேன். ரடர்க் கோடு சும்மா இருக்கவில்லை. நடுவில் நின்று நடுங்கியது. மெதுவாக முறுக்கினால், நடுவைத் தாண்டும் இடத்தில் ஒரு பாய்ச்சல். முன்பின் அசைவிலும் சின்ன நடுக்கம் இருந்தது.

கழற்றினோம். இந்த விலையில் வரும் ஜொய்ஸ்டிக்குகளில் பெரும்பாலும் பொட்டென்ஷியோமீற்றர்தான் இருக்கும்: வளைந்த ஒரு காபன் தடம், அதன் மேல் வழுக்கும் ஒரு சின்ன உலோக நாக்கு. பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழுக்குள் இருப்பதும் இதுதான். நல்ல விலை ஜொய்ஸ்டிக்கில் காந்தத்தை வைத்து அளக்கும் ஹோல் சென்சர் இருக்கும். தொட்டுக்கொள்ளும் பாகம் இல்லாததால் தேய்மானம் இல்லை. இவனுடையதில் தடத்தின் நடுப்பகுதி வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் செம்புழுதி. முள் உள்ள பழைய மீற்றரை இணைத்து மெதுவாகச் சுற்றினேன். முள் ஒழுங்காக ஏறி வந்து, நடுவில் ஒரு தரம் கீழே விழுந்து, திரும்ப ஏறியது. இலக்க மீற்றரில் இது கண்ணுக்குப் படாமல் போகும். முள்ளில் பொய் சொல்ல முடியாது.

தடம் துடைக்கும் ஸ்ப்ரே அடித்து, இருபது முப்பது தரம் சுற்றி, முன்பின் அச்சு சரிவந்தது. முறுக்கும் அச்சின் தேய்மானம் ஸ்ப்ரேயால் சரிவராது. கடையில் கிடந்த வேறு ஒன்றைப் பற்றாசு வைத்துப் போட்டேன். பிறகு நடுவில், தண்டு அசைந்தாலும் கணக்கில் எடுக்காத மிகச் சிறிய ஒரு செத்த இடம் வைத்தோம். கை அசைவுக்கு விமானம் எவ்வளவு அசையும் என்ற உணர்திறன் கோட்டையும் நடுவில் கொஞ்சம் சாய்த்தோம். நிஜ செஸ்னாவில் யோக், அதாவது ஓட்டுநர் பிடிக்கும் கைப்பிடி, கூடிய தூரம் அசையும். மேசை ஜொய்ஸ்டிக் தண்டு சில சென்ரிமீற்றர்தான். அதே வால் சிறகு அசைவை இவ்வளவு சின்ன தூரத்துக்குள் அடக்கும்போது விரல் நடுங்கினாலே விமானம் துள்ளும். கோட்டை மிக அதிகமாகச் சாய்த்தால் நடு மெத்தென்று இருந்து ஓரத்தில் திடீரென்று பாயும். இறக்கும் கடைசி நொடியில் அது காலை வாரும். கொஞ்சம் போதும்.

இன்னொன்றையும் கண்டேன். முகில், நிழல் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்திருந்தான். நொடிக்கு 18 ஃப்ரேம்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் ஏறத்தாழ 56 மில்லிசெக்கன். மூக்கு உயர்வதைக் கண் காண்பதற்குள் அது இன்னும் உயர்ந்துவிடும். கை பிந்தித் தள்ளும். அதற்குள் அது இறங்கத் தொடங்கியிருக்கும். ஓட்டுகிறவரே கிளப்பிவிடும் ஆட்டம் இது, நிஜ விமானத்திலும் உண்டு. முகிலைக் குறைத்து 30 ஃப்ரேமுக்குக் கொண்டுவந்தோம். மூக்கின் துடிப்பு பாதியாகக் குறைந்தது.

பாதிதான். மிச்சப் பாதி நின்றது. இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

புத்தகத்தோடு பிடித்துப் பார்த்தல்

இனி இரண்டு விமானங்களையும் எங்கள் விருப்பத்தை வைத்து ஒப்பிடுவதில்லை என்று முடிவெடுத்தோம். நிஜ 172எஸ் இன் கையேட்டில் உள்ள எண்களே தராசு. காற்று இல்லை, 15 பாகை வெப்பம், முழுப் பாரம் 2550 இறாத்தல்.

ஃப்ளாப் (இறக்கையின் பின்னோரத்தில் கீழே இறங்கும் தட்டு) இல்லாமல், வலு இல்லாமல் ஸ்டோல் ஆகும், அதாவது இறக்கை தூக்குவதை விடும் வேகம் கையேட்டில் 48 நொட்ஸ், முழு ஃப்ளாப்போடு 40. அட்-ஒன் ஒரு நொட் வித்தியாசத்துக்குள் இரண்டையும் தந்தது. எழும்பும் ஓட்டம் 960 அடி, அதுவும் கிட்டத்தான். கடல் மட்டத்தில் ஏறும் வேகம் நிமிடத்துக்கு 730 அடி. நாங்கள் வலது ரடரை ஒழுங்காகப் பிடித்த ஓட்டத்தில் அது வந்தது, பிடிக்காத ஓட்டத்தில் குறைந்தது. எஞ்சினை நிறுத்தி 68 நொட்ஸில் சறுக்க விட்டால் ஒன்பது அடி முன்னே போக ஒரு அடி இறங்க வேண்டும், அதாவது நிமிடத்துக்கு 750 அடி அளவில். அட்-ஒன் அப்படியே இறங்கியது. பழைய செஸ்னா அதைவிட நெடுந்தூரம் மிதந்தது. எஞ்சின் நின்றால் எங்கேயும் போய்ச் சேரலாம் என்ற பிழையான தைரியத்தை அது எட்டு மாதம் இந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது.

பிறகு ஒரு அழகான சோதனை. 90 நொட்ஸில் கை வைக்காமலே சமமாகப் பறக்கும்படி ட்ரிம் பண்ணி, மூக்கை உயர்த்தி 80க்குக் கொண்டுவந்து, கையை முழுதாக எடுத்துவிட வேண்டும். விமானம் தானே மூக்கைத் தாழ்த்தும், வேகம் எடுக்கும், திரும்ப உயரும், வேகம் விடும். ஊஞ்சல் போல நீண்ட, சோம்பலான ஆட்டம். இங்கிலாந்து எஞ்சினியர் லான்செஸ்டர் 1908 இல் இதற்கு ஃபூகொயிட் என்று பெயர் வைத்தார். ஒரு ஆட்டத்துக்கான நேரத்தைச் சுருக்கமாகக் கணிக்கலாம்: இரண்டின் வர்க்கமூலம், பை, வேகம் மூன்றையும் பெருக்கி ஈர்ப்பு ஆர்முடுகலால் வகுக்க வேண்டும். பெடியன் கொப்பியை எடுத்துப் போட்டான். 90 நொட்ஸ் என்றால் நொடிக்கு 46.3 மீற்றர், விடை 21 நொடி. நிஜத்தில் அதைவிடக் கொஞ்சம் நீளும். அட்-ஒன் விமானம் 25 நொடிக்கு ஒரு தரமாக நான்கு தரம் ஆடி ஓய்ந்தது. பழைய செஸ்னா ஒரு தரம் தலையாட்டிவிட்டு நின்றுவிட்டது, எண்ணெய்க்குள் விட்ட ஊசல் மாதிரி.

ஆக நீண்ட ஆட்டம் சரி. குறுகிய துடிப்பு மட்டும் பிழை. ஜொய்ஸ்டிக்கும் இப்போது சுத்தம். அப்படியானால் அது விமானத்துக்குள் இருக்கிறது.

640 என்ற எண்

சிமுலேட்டர்கள் விமானத்தைக் கணிக்கும் வழி இரண்டு. 2006 இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் வரையான மைக்ரோசொஃப்ட் சிமுலேட்டர்கள் குணகங்களின் அட்டவணையைப் பார்த்து விசையை எடுத்தன. ஒஸ்டின் மேயரின் எக்ஸ்-பிளேன் இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டின் விசையையும் கணிக்கிறது. 2020 இல் வந்த மைக்ரோசொஃப்டின் சிமுலேட்டரும் மேற்பரப்பைப் பல பகுதிகளாகப் பிரிக்கும் வழிக்கு வந்துவிட்டது. எந்த வழி என்றாலும் கடைசியில் விமானத்தின் நிறை, அந்த நிறை எங்கெங்கே பரவியிருக்கிறது என்ற எண்களை யாரோ ஒருவர் கையால் எழுத வேண்டும். நல்ல அட்-ஒன் என்பது அந்த எண்களில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் கொக்பிட்டின் படத்தையும் எஞ்சின் சத்தத்தையும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள், அதில் எனக்கு உண்மையாகவே கவலை.

இந்த அட்-ஒன் விமானத்தின் எண்கள் பூட்டப்படாத எழுத்து ஃபைலில் இருந்தன. சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்றப் பார்த்தால் விமானம் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்ற எண், மூன்று அச்சுக்கும் மூன்று வரி. மூக்கு ஏற்ற இறக்கத்துக்கான வரியில் 640 என்று இருந்தது. அது கூடவா குறையவா என்று எப்படித் தெரியும்? ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் இலவசம், திறந்த மூலம். அதன் செஸ்னா 172 பாவிக்கும், ஜேஎஸ்பிசிம் என்ற கணிப்பு மென்பொருளுக்கான ஃபைலை யாரும் திறந்து வாசிக்கலாம். அதில் உருளலுக்கு 948, மூக்கு ஏற்ற இறக்கத்துக்கு 1346, திசை திரும்பலுக்கு 1967. அலகு ஸ்லக்-சதுர அடி. அது 172பி, இது 172எஸ். என்றாலும் உடம்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். மற்ற இரண்டு வரிகளும் ஏறத்தாழ ஒத்துப்போயின. இது மட்டும் அரைவாசிக்கும் குறைவு.

பெடியன் பேசாமல் கொப்பியில் எழுதினான்: முறுக்கம் சமன் சடத்துவத் திருப்பம் தர கோண ஆர்முடுகல். 1346 ஐ 640 ஆல் வகுத்தான். “அண்ணை, நான் ஒரு பங்கு இழுத்தா அது ரெண்டு பங்குக்கு மேல துள்ளுது.” சோதனைக்குப் பாடமாக்கிய சமன்பாடு தன் கைக்குள் துடித்துக்கொண்டிருந்த மூக்குக்குக் காரணம் சொன்னதை அவன் பார்த்த அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். ஃபைலின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, 640 ஐ 1346 ஆக்கி ஓட்டினோம். துடிப்பு போய்விட்டது. மூக்கில் பாரம் வந்தது.

இரண்டாவது முறைப்பாடு ஆகவே மூன்றாகப் பிரிந்தது: ஜொய்ஸ்டிக், ஃப்ரேம், விமானம். அட்-ஒன் செய்தவர்கள் மேல் நியாயமாகப் போட வேண்டிய பழி அந்த ஒரு வரிதான்.

ட்ரிம் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். நிஜ விமானத்தில் யோக்கைப் பிடித்து மூக்கை வேண்டிய இடத்தில் நிறுத்தி, கையில் தெரியும் பாரம் இல்லாமல் போகும்வரை ட்ரிம் சில்லைச் சுற்றுவார்கள். யோக் நின்ற இடத்திலேயே நிற்கும், பாரம் மட்டும் கரையும். மேசை ஜொய்ஸ்டிக்கில் ஸ்பிரிங் எப்போதும் நடுவுக்கே இழுக்கிறது. ட்ரிம் சுற்றச் சுற்ற, நாங்கள் கையை மெதுவாக நடுவுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. இவன் ட்ரிம்மையே தொடாமல் மணிக்கணக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு பறந்திருக்கிறான். கை களைத்து நடுங்காமல் என்ன செய்யும்?

சத்தம்

மூன்றாவது முறைப்பாட்டுக்குக் காரணம் தேடும்போது ஒன்று விளங்கவில்லை. 80 நொட்ஸில் இறக்க வருகிறான். கையேடு சொல்வது ஃப்ளாப்போடு 60 முதல் 70. 80க்கும் 62க்கும் இடையில் இயக்கப்பாட்டுச் சக்தி மூன்றில் இரண்டு பங்கு கூட. தரைக்குக் கிட்ட, இறக்கை அகலமான 11 மீற்றருக்குள் வந்தால் காற்றுத் தடை குறைந்து விமானம் மிதக்கும். கூடுதல் சக்தியோடு வந்தால் மிதந்துகொண்டே போகும். அது சரி. ஆனால் வேகம் கூடுவதும் குறைவதும் இவனுக்கு ஏன் தெரியவில்லை?

ஸ்பீக்கர் நிறுத்தியிருந்தது. கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான், அம்மாவுக்குப் பிடிக்காது என்று.

குசினி வாசலில் நின்றிருந்த அம்மா தானாகவே சொன்னார். “தம்பி, அந்தச் சத்தம் வண்டு மாதிரிக் கிடக்கு. எனக்கு நெஞ்சு பதறுது.” வன்னியில் யுத்த காலத்தில் இருந்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆளில்லா வேவு விமானத்தை வண்டு என்போம். சின்ன விசிறி எஞ்சின், மேலே நின்று இரைந்துகொண்டே இருக்கும். அது வந்து சுற்றிவிட்டுப் போனால் பின்னால் குண்டு போடும் கிபிர் விமானம் வரும். 2009 இல் இந்தப் பெடியன் சின்னப் பிள்ளை. அவனுக்கு அந்தச் சத்தம் பறக்கும் ஆசை. அம்மாவுக்கு அது பதுங்குகுழி. இரண்டு பேர் மேலும் பிழை இல்லை. அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் எட்டு மாதம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பறந்திருக்கிறான்.

ஆய்வுக்கு இது பெரிய தடயம். விமானம் ஓட்டுகிறவர் வேகத்தை முள்ளில் மட்டும் பார்ப்பதில்லை. காற்றின் இரைச்சலிலும் எஞ்சின் தொனியிலும் கேட்கிறார். ஸ்டோலுக்கு 5 முதல் 10 நொட்ஸுக்கு முன்னரே செஸ்னாவின் எச்சரிக்கை ஊதத் தொடங்கும். அந்த ஊதலை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. மிதந்து மிதந்து போய், ஊதல் கேட்காமல், தொப்பென்று விழுந்திருக்கிறான். காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் ஒன்றை என் கடையில் இருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கே 65 நொட்ஸில் வந்து, தரைக்கு மேல் மூக்கை மெல்ல உயர்த்தி, ஊதல் கேட்கும்போது பின் சில்லுகளை வைத்தான்.

இப்போதைய நிலைமை

சடத்துவத் திருப்பம் பற்றி, எண்களும் ஒப்பீடும் சேர்த்து, அட்-ஒன் செய்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். இது எழுதும்வரை பதில் இல்லை. தரையில் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு மூக்கு திரும்புவது இன்னும் கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அதற்குக் காரணம் விமானமா சிமுலேட்டரின் சில்லு உராய்வா என்பது இன்னும் பிரித்துப் பார்க்காத வேலை.

ரடரை முறுக்கிப் பழகினால் நிஜ விமானத்தில் கால் தூங்கும் என்று நான் சொன்னதில் அவன் பிடித்துக்கொண்டான். பெடல் வாங்கக் காசு இல்லை. தச்சுப் பட்டறையில் வெட்டிப் போட்ட முதிரைத் துண்டு இரண்டு, பழைய சைக்கிள் பிரேக் கம்பி, ஒரு பொட்டென்ஷியோமீற்றர், கொம்பியூட்டருக்கு ஜொய்ஸ்டிக் போலத் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆர்டுயினோ லியனார்டோ போர்ட் ஒன்று. ஒரு பெடல் முன்னே போனால் மற்றது பின்னே வர வேண்டும். அதற்கு நடுவில் ஒரு அச்சு. நடுவுக்குத் திரும்ப சைக்கிள் டியூப் ரப்பர். புழுதி போகாமல் பொட்டென்ஷியோமீற்றரைப் பழைய மாத்திரைப் போத்தலுக்குள் அடைத்து வைத்தோம்.

கடைசியாக நான் போனபோது பலாலியில் இருந்து கிளம்பி ஆனையிறவு உப்பளத்துக்கு மேலால் தெற்கே வந்துகொண்டிருந்தான். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இரணைமடு திரையில் வந்தது. அம்மா பின்னால் வந்து நின்று, வாய்க்கால் எந்தப் பக்கம், எங்கள் வயல் எது என்று கேட்டார். அவன் இடப்பக்கம் சரித்துக் காட்டினான். விமானம் சறுக்காமல் திரும்புகிறதா என்று காட்டும் பந்து திருப்பத்தில் நடுவிலேயே நின்றது. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். வலப்பக்க ரப்பர் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. வரும் கிழமை லொறி டியூபில் ஒரு துண்டு வெட்டிப் போட வேண்டும்.